டிரைசூட்: ஒரு குளிர்காலம் போட்டுப் பார்த்த பிறகு

காற்று 25 நாட், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர். பின்காற்றில் பாயை மறுபக்கம் மாற்றும்போது என் பாய்மரப் படகு கவிழ்ந்தது. தண்ணீர் 7 டிகிரி. முகத்தில் பட்டதும் மூச்சு நின்றுவிட்டது. உடம்பில் மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லை. அந்த ஒரு நிமிடத்திலேயே இந்த டிரைசூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத முழு உடல் உடை, வாங்கிய காசுக்கு ஈடாகிவிட்டது.

ஆனால் இது தண்ணீரைத்தான் தடுக்கும், குளிரை அல்ல. உள்ளே ஃபிளீஸ் என்ற கதகதப்பான உடை போட்டே ஆகவேண்டும். முதல் நாள் பருத்தி பனியனோடு போய், வியர்வை ஊறி நடுங்கினேன். என் முட்டாள்தனம், சரி. போட்டதும் குந்தி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை விலக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். இல்லையென்றால் அது கால் பக்கம் சேர்ந்து தண்ணீரில் உங்களைத் தலைகீழாக்கப் பார்க்கும்.

குறை என்றால் லேட்டக்ஸ் ரப்பரில் செய்த கழுத்துப் பட்டைதான். புதிதில் குரல்வளையை நெரிக்கிறது. டால்கம் பவுடர் இல்லாமல் தலை நுழையாது. நகம் பட்டு ஒரு மணிக்கட்டுப் பட்டை கிழிந்தது. விற்றவர்கள் மாற்றித் தர ஆறு வாரம் எடுத்தார்கள். அதற்குள் நல்ல காற்றடித்த நான்கு பந்தயங்கள் போயேவிட்டன. அப்புறம், முதுகு ஜிப்பை இழுக்க எப்போதும் இன்னொருவர் வேண்டும். தனியாகப் படகோட்டுபவர்கள் முன்ஜிப் வைத்ததை வாங்குங்கள்.