கியூப்ஐடிஇயா, மேக்ஃபைலா: லிங்கர் மறுக்கும்போது எது கைகொடுக்கும்?

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய புளூபில் என்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப்: நிரலைச் சேமிக்க 64 கிலோபைட் ஃப்ளாஷ், 20 கிலோபைட் ரேம். எல்இடி மின்னும் வரை எந்தக் கருவியும் சரிதான். திரை, சென்சார், சீரியல் என்று கோப்புகள் சேரச் சேர, ஒரு நாள் கொம்பைல் எல்லாம் ஒழுங்காக முடிந்து கடைசி வரியில், ஆப்ஜெக்ட் கோப்புகள் என்ற கொம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் பிழை சொல்லி நின்றுவிடும். அந்த நேரத்தில் சிப்பைத் தயாரிக்கும் எஸ்டி நிறுவனத்தின் கியூப்ஐடிஇ (எழுதுவது முதல் டிபக் வரை ஒரே நிரலில்) நல்லதா, பில்ட் படிகளை எழுதிவைக்கும் வெறும் மேக்ஃபைலும் ஆர்ம் ஜிசிசி கொம்பைலரும் நல்லதா? நாங்கள் மேக்ஃபைலுக்கு மாறிவிட்டோம். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐடிஇ பதிவிறக்கம் பெரிது, 4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் திணறும். ஆனால் நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் டிபக்கரை ஒரு பொத்தானில் தொடங்குவதில் அதற்கு நிகர் இல்லை. பின்களைப் படத்தில் பார்த்துத் தெரிவு செய்யும் வசதியும் 2025இல் 2.0 பதிப்பு வரும் வரை அதற்குள்ளேயே இருந்தது, இப்போது அது கியூப்எம்எக்ஸ் என்ற தனி நிரல். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி டிபக்கரில்தான் போகிறது என்றால் ஐடிஇயிலேயே இருங்கள். இரண்டும் உள்ளே கூப்பிடுவது ஒரே ஜிசிசியை, ஒரே லிங்கரை. பதிப்பும் ஒன்றானால் பிழைச் செய்திகூட ஒன்றாகவே வரும்.

அப்படியென்றால் வேறுபாடு எங்கே? லிங்கரிடம் என்ன கொடுக்கப்பட்டது என்று கண்ணால் பார்க்க முடிகிறதா என்பதில்.

ஐடிஇயின் கொன்சோலில் லிங்க் கட்டளையைப் பாருங்கள். ஆப்ஜெக்ட் கோப்புகளின் பெயர்கள் அங்கே இருக்காது, ஆப்ஜெக்ட்ஸ்.லிஸ்ட் என்ற ஒரே பெயர்தான் இருக்கும். உண்மையான பட்டியல், பில்ட் செய்யும் அமைப்புக்கு ஏற்ப டிபக் (சோதனைக்கான பில்ட்) அல்லது ரிலீஸ் (வெளியீட்டுக்கான பில்ட்) கோப்புறைக்குள் அந்தப் பெயரில் கிடக்கிறது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (கேட்ட பெயருக்கு வரையறை கிடைக்கவில்லை) என்று வந்தால் முதலில் அதைத் திறந்து, உங்கள் கோப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் இருக்காது. யாரோ ஒரு கோப்பை ரைட் கிளிக் செய்து பில்டிலிருந்து விலக்கியிருப்பார்கள், அதுவும் ரிலீஸ் அமைப்பில் மட்டும். டிபக்கில் பில்ட் ஆகும், ரிலீஸில் ஆகாது. இந்த விலக்கல் எழுதப்படுவது .சிப்ராஜெக்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில். பதிப்புகளைக் காக்கும் கிட் கருவியில் அதன் மாற்றங்களை வாசித்து எவரும் இதைக் கண்டுபிடிக்கமாட்டார்கள். பிரிண்ட்எஃப்பில் தசம எண் அச்சாகாத சிக்கலும் இதே வகைதான். நியூலிப் நானோ என்ற சிறிய சி நூலகத்தில் அதற்கான டிக்கை டிபக் அமைப்பில் மட்டும் போட்டிருந்தால், ரிலீஸில் எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். லிங்கர் ஒரு வார்த்தையும் சொல்லாது.

மேக்ஃபைலில் இவை எல்லாம் நாலு வரி. கோப்புப் பட்டியல், கொடிகள் (கொம்பைலருக்கான விருப்பங்கள்), நினைவக அளவுகளைச் சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டின் பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். யார் எப்போது மாற்றினார்கள் என்று கிட் ஒரு வரியில் காட்டும்.

கோப்புகளைச் சேர்க்கும் விதத்தில் இரண்டும் நேர் எதிர். ஐடிஇ மூலக் கோப்புறையில் கிடக்கும் ஒவ்வொரு .சி கோப்பையும் தானாக எடுத்துக்கொள்ளும். பழைய மெயின் கோப்பின் நகலை அங்கேயே விட்டுவைத்தால் மெயினுக்கு 'மல்டிபிள் டெஃபினிஷன்' (ஒரே பெயருக்குப் பல வரையறைகள்) வரும். மேக்ஃபைலில் புதுக் கோப்பை நீங்களே பட்டியலில் எழுத வேண்டும். மறந்தால் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'. பிழையின் பெயரைப் பார்த்தே எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

மேக்ஃபைலின் குறைகளையும் சொல்ல வேண்டும். கியூப்எம்எக்ஸ் உருவாக்கித் தரும் மேக்ஃபைல் கோப்புறைப் பெயர்களை உதறிவிட்டு எல்லா ஆப்ஜெக்டையும் ஒரே பில்ட் கோப்புறையில் போடும். இரண்டு கோப்புறைகளில் யூடில்ஸ்.சி என்று இரண்டு கோப்புகள் இருந்தால் ஒன்று மட்டுமே கொம்பைல் ஆகி, அதே ஆப்ஜெக்ட் லிங்கருக்கு இருமுறை போகும். இது பெயரை மாற்றினால் தீரும். கையால் எழுதும் மேக்ஃபைலில் எந்தக் கோப்பு எந்த ஹெடரைச் சார்ந்தது என்று பதியும் எம்எம்டி கொடியை விட்டுவிட்டால் இன்னும் மோசம்: ஸ்ட்ரக்சரில் ஒரு உறுப்பைக் கூட்டிய பிறகும் பழைய ஆப்ஜெக்டுகள் அப்படியே இருக்கும், லிங்க் ஆகும், ஓடும்போது தரவு சிதறும். கணித நூலகத்தை ஆப்ஜெக்டுகளுக்கு முன்னால் எழுதினாலும் பிழை வரும். ஐடிஇ அந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

இனி மேப் ஃபைல்: எது எங்கே இணைந்தது என்று லிங்கர் எழுதும் பட்டியல். ஐடிஇயும் அதை உருவாக்குகிறது, பில்ட் அனலைசர் என்ற பகுதியில் அளவுகளை அழகாகவும் காட்டுகிறது. ஆனால் எது எவ்வளவு இடம் பிடித்தது என்பதோடு அந்த அட்டவணை நின்றுவிடும். ஏன் உள்ளே வந்தது என்பது மேப் ஃபைலின் முதல் பகுதியில் இருக்கிறது. அங்கே எந்த நூலக உறுப்பு, எந்த ஆப்ஜெக்ட் கேட்டதால், எந்தச் சிம்பலுக்காக (பெயருக்காக) வந்தது என்று வரிவரியாக எழுதியிருக்கும். ஃப்ளாஷ் நிரம்பி வழிகிறது என்று வந்தால் அதை வாசியுங்கள். வெப்பநிலைக் கோப்பு ஏஈஏபிஐ_டிமல் (டபிள் எண்களின் பெருக்கல்) கேட்டது என்று ஒரு வரி இருந்தால், காரணம் 0.1 என்று எழுதிய ஒரு மாறிலி. சி மொழியில் அது டபிள், அதாவது இரட்டைத் துல்லிய எண். இந்தச் சிப்பின் கோர்டெக்ஸ் எம்3 செயலியில் மிதவைப் புள்ளி வன்பொருள் இல்லாததால், பெருக்கலுக்கு முழு மென்பொருள் செயற்கூறே உள்ளே வருகிறது. எண்ணின் பின்னால் எஃப் சேர்த்தால் அதைவிடச் சிறிய ஒற்றைத் துல்லியச் செயற்கூறு போதும். எண்ணைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாகவே வைத்தால் அதுவும் வேண்டாம்.

பிழையே வராமல் கழுத்தறுக்கும் ஒன்று உண்டு. இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் (வன்பொருள் நிகழ்வு வந்ததும் ஓடும் ஃபங்ஷன்கள்) ஸ்டார்ட்அப் கோப்பில் வீக் சிம்பல்களாக (வேறு வரையறை வந்தால் விட்டுக்கொடுக்கும் பெயர்களாக), டிஃபால்ட் ஹேண்ட்லரின் முடிவற்ற சுழலைச் சுட்டி நிற்கின்றன. யூசார்ட்1_ஐஆர்க்யூஹேண்ட்லர் என்று எழுத வேண்டியதை யூஆர்ட்1 என்று எழுதிவிட்டால் லிங்க் சுத்தமாக முடியும். சீரியலில் முதல் பைட் வந்ததும் சிப் உறைந்துவிடும். மேப் ஃபைலின் கழிக்கப்பட்ட செக்ஷன்கள் பகுதியில் உங்கள் ஹேண்ட்லர் கிடந்தால் அதுதான் விஷயம். சிம்பல்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையில் சரியான பெயருக்கு எதிரே டி (T) வர வேண்டும். டபிள்யூ வந்தால் உங்கள் ஹேண்ட்லர் இணையவில்லை. ஹேண்ட்லரை .ஏ நூலகத்துக்குள் வைத்தாலும் இதே கதிதான். வீக் வரையறை ஏற்கெனவே இருப்பதால் லிங்கர் அதைத் தேடி நூலகத்துக்குள் போகாது. அந்த ஆப்ஜெக்டை நேரடியாகக் கொடுங்கள்.

பழைய வேலையைத் திரும்ப எடுக்கும்போதும் மேக்ஃபைலே மேல். ஜிசிசி 10 முதல், ஹெடரில் எக்ஸ்டர்ன் இல்லாமல் அறிவித்த மாறி 'மல்டிபிள் டெஃபினிஷன்' ஆகிறது. ஐடிஇயைப் புதுப்பித்தால் கொம்பைலரும் சேர்ந்து மாறலாம். மேக்ஃபைலில் எந்த ஜிசிசி என்பதைப் பாதையாக எழுதிவைக்கலாம். ஆனாலும் சரியான தீர்வு எக்ஸ்டர்ன் போடுவதுதான்.

இவை எல்லாம் நாற்பது ஐம்பது கோப்புகள் உள்ள வேலைக்குச் சொன்னவை. அதற்கு மேல் போனால் கையால் எழுதிய மேக்ஃபைலை இவ்வளவு துணிந்து பரிந்துரைக்கமாட்டேன்.

எந்தப் பக்கம் இருந்தாலும், ஃப்ளாஷ் வழிகிறது என்பதற்காக லிங்கர் ஸ்கிரிப்டில் 64ஐ 128 ஆக்காதீர்கள். சில சி8 சிப்புகள் அதைத் தாங்கும், டேட்டாஷீட் உறுதி தருவதோ 64க்கு மட்டும். அடுத்த முறை வாங்கும் போர்டில் எழுதிய பின் சரிபார்க்கும்போது தோற்கலாம், அப்போது லிங்கரிடம் கேட்டுப் பயனில்லை.