கம்பளைக்கு ஒருநாள் பயணம்: எதற்கு நேரம் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் உள்ள கம்பளைக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் அம்புலுவாவ கோபுரத்தில் ஏறிப் படம் எடுத்து, டவுனில் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பழைய இராசதானியின் பக்கமே போவதில்லை. அது பெரிய இழப்பு.

1341இல் நான்காம் புவனேகபாகு மன்னன் குருநாகலை விட்டு மகாவலிக் கரைக்கு வந்து கம்பளையைத் தலைநகராக்கினான். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைநகர் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள கோட்டை என்ற ஊருக்குப் போய்விட்டது. அரண்மனை என்று காட்ட இன்று டவுனில் எதுவும் இல்லை. நியங்கம்பாய விகாரையின் அடித்தளத்தில் உள்ள அக்காலக் கல்வேலை மட்டும் பார்க்கத் தகுந்தது. அதற்கு அரை மணி நேரம் போதும். இராசதானியின் உண்மையான மிச்சம் டவுனுக்கு வெளியே, தௌலகல பக்கத்து மேட்டு நிலத்தில் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே என்று மூன்று கோயில்களாக நிற்கிறது. நாளின் பெரும்பகுதியை அங்கேதான் செலவிட வேண்டும்.

எந்த வரிசையில் போவது என்பது முக்கியம். கடலாதெனியவும் லங்காதிலகவும் வெறும் பாறைமேல் இருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும், பதினொரு மணிக்குமேல் வெயிலில் கால் வைக்க முடியாது. எம்பெக்கேயில் பார்க்க வேண்டியது கூரைக்குக் கீழே இருக்கிறது. அதனால் கடலாதெனிய முதலில், எம்பெக்கே கடைசியில். கண்டியிலிருந்து வருகிறவர்கள் கடுகண்ணாவைப் பக்கம் போகும் பஸ்ஸில் பிலிமத்தலாவையில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தவர்கள் கம்பளையில் இறங்கி, தௌலகல வழியாக நேரே கடலாதெனியவுக்குப் போய்விட்டு, வரும் வழியில் மற்ற இரண்டையும் பார்க்கலாம். சில கிலோமீற்றர் கூடும், ஆனாலும் அதுதான் நல்லது. ஓட்டோக்காரரிடம் மூன்று இடத்துக்கும், காத்து நிற்கும் நேரத்துக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசிவிட்டு ஏறுங்கள். காத்திருப்புக்குத் தனிக்காசு என்று இடையில் பேச்சு எழுந்தால், கோயிலை நிதானமாகப் பார்க்க மனம் வராது.

கடலாதெனிய 1344இல் கட்டப்பட்டது. கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்த கண்ணுக்குத் தூண்களும் அதிட்டானமும் (அடிப்பீடம்) உடனே பழக்கமானவையாகத் தெரியும். எல்லாரும் நேரே உள்ளே புத்தர் சிலைக்குப் போய்விடுகிறார்கள். முதலில் வெளிச்சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள்: ஆடுகிறவர்களும் மத்தளம் அடிக்கிறவர்களும் வரிசையாக, சாண் உயரம்கூட இல்லாத உருவங்களாக ஓடுகிறார்கள். காலைச் சாய்வெயிலில் அவை துலங்கும், உச்சிவெயிலில் தட்டையாகிவிடும். பக்கத்தில் உள்ள விஜயோத்பாய தாதுகோபுரம் (பௌத்தத் தூபி), நாலு பக்கமும் நாலு சிறு தாதுகோபுரங்களோடு அமைந்தது. அதையும் தவறவிடாதீர்கள்.

அங்கிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீற்றரில் லங்காதிலக. ஒரு கோயிலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்கே போங்கள். இதுவும் 1344ஆம் ஆண்டு வேலைதான். சேனாலங்காதிகார என்ற அமைச்சர் கட்டுவித்தார், ஸ்தபதி ராயர் கட்டினார். நாலு மாடியாக எழுந்த கட்டடம், மேல்மாடி பின்னாளில் சிதைந்துபோனது. ஒரே கட்டடத்தில் கிழக்குப் பக்கம் புத்தர், மேற்குப் பக்கம் தேவாலயம், அதாவது தெய்வங்களுக்கான சன்னிதி. தேவாலயத்தில் சிங்கள பௌத்தர்கள் வணங்கும் காவல் தெய்வங்களான உபுல்வன், சமன், விபீஷணன் ஆகியோரோடு கணபதியும் கந்தகுமாரனும் இருக்கிறார்கள். கிழக்கு வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது தெரியாமலே போகிறது. தேவாலயக் கதவு எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். கெம்முற நாட்கள் எனப்படும் தேவாலய வழிபாட்டு நாட்களான புதனும் சனியும் பார்த்துப் போனால் வாய்ப்பு அதிகம். மற்ற நாட்களில் அங்குள்ள பொறுப்பாளரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

லங்காதிலகப் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. கோயிலுக்கு விடப்பட்ட நிலங்கள் முதலான விபரங்களைச் சொல்லும் சாசனம் அது. மலையகத்தின் நடுவில், கிட்டத்தட்ட 680 வருடங்களுக்கு முன் தமிழில் வெட்டிய எழுத்தை நேரில் பார்ப்பது சாதாரண விடயமல்ல. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் கட்டாயம் காட்டுங்கள். எழுத்து தேய்ந்திருக்கிறது. தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பதோ தண்ணீர் ஊற்றுவதோ வேண்டாம். போனில் டோர்ச் போட்டு ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாலே குழியின் நிழலில் எழுத்து தெரியும். பாறையில் வெட்டிய படிகள் மழைக்குப் பிறகு பாசி பிடித்து வழுக்கும். வயதானவர்களை மெதுவாகக் கைபிடித்து ஏற்றுங்கள்.

எம்பெக்கே கதிர்காமத் தெய்வத்தின் கோயில், நம் முருகன்தான். மூன்றாம் விக்கிரமபாகு காலத்தது. முன்மண்டபத்தின் மரத்தூண்களுக்காகவே ஆட்கள் வருகிறார்கள். கம்பளை அரசவை மண்டபத்துத் தூண்கள்தான் இங்கே கொண்டுவரப்பட்டன என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். செதுக்கிய தலைமைச் சிற்பியாகச் சொல்லப்படுகிறவர் தெல்மட மூலாச்சாரி. ஒவ்வொரு தூணிலும் சதுரச் சட்டத்துக்குள் ஒரு சிற்பம்: கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் பட்சி, மல்லர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். ஒரு தூணுக்கு நாலு முகம் என்பதால், ஒரு பக்கமாக நடந்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாகும். பிறகு கூரையின் முனைக்குக் கீழே நின்று மேலே பாருங்கள். 26 கைமரங்கள் (கூரையின் சாய்வுச் சட்டங்கள்) வந்து குவியும் இடத்தில் ஒரே ஒரு மர ஆணி அத்தனையையும் பிடித்திருக்கிறது. மடோல் குருபாவ என்பது அதன் பெயர். தச்சுவேலை தெரிந்தவர்கள் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்கள்.

மூன்று இடத்திலும் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, வெள்ளையானால் இன்னும் நல்லது. தொப்பியைக் கழற்ற வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுத்தால் பெரிய பிரச்சினையாகும். சுவரோவியங்களில் பிளாஷ் அடிக்கக்கூடாது. தண்ணீரும் சில்லறைக் காசும் கையில் இருக்கட்டும். தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் கிடைப்பார் என்று நம்பிப் போகாமல், கொஞ்சம் வாசித்துவிட்டுப் போங்கள்.

அம்புலுவாவ பற்றி: 48 மீற்றர் கோபுரம், காட்சி அழகானது, ஆனால் பழமையானது அல்ல. மேலே போகப்போகப் படி ஒடுங்கி, ஏறுகிறவரும் இறங்குகிறவரும் விலக இடமில்லாமல் போகும், காற்றும் பலமாக அடிக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் பாதியிலேயே நின்றுவிடுங்கள். பின்னேரம் பனிமூட்டம் வந்தால் எதுவும் தெரியாது. கோயில்களையும் கோபுரத்தையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டும் அரைகுறையாகும்.

ஜனவரி முதல் மார்ச் வரை போவது வசதி. மழைக்காலத்தில் மண்சரிவால் ரயில் பாதை அடிக்கடி தடைப்படும். ஆகவே ரயிலில் வருகிறவர்கள் ஸ்டேஷனில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மகாவலியில் குளிக்க ஆசைப்பட்டால், கரையில் இருக்கும் ஊர்க்காரரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். மேலே கொத்மலையில் அணையைத் திறந்தால், கம்பளையில் வானம் வெளுத்திருந்தாலும் ஆறு சட்டென்று உயரும்.