குறைபார்வைக்கு ஸ்டாண்ட் உருப்பெருக்கியா, மின்னணுத் திரையா?

மூப்பில் வரும் மாகுலா சிதைவு (விழித்திரையின் மையப்பகுதி பழுதாவது) அம்மாவின் நடுப்பார்வையைப் பறித்துவிட்டது. ஓரப்பார்வை மிஞ்சியிருப்பதால் வீட்டுக்குள் தடுமாறாமல் நடமாடுகிறார். செய்தித்தாளும் மாத்திரை அட்டையும்தான் எட்டாமல் போயின. குறைபார்வை மறுவாழ்வு மையத்தில் பரிசோதித்தபின் மூன்று வழிகள் இருந்தன: விளக்கு வைத்த ஸ்டாண்ட் உருப்பெருக்கி (தாளின்மேல் நிற்கும் சட்டத்தில் லென்ஸ் பொருத்தியது), கையடக்க மின்னணு உருப்பெருக்கி, செல்போன் கேமரா. ஸ்டாண்டை வாங்கினோம். இன்றும் நான் அதன் கட்சிதான்.

செல்போனுக்குத் தனிச் செலவில்லை. கடையில் விலைச்சீட்டு பார்க்கப் போதும். நடுங்கும் கையில் ஒரு பத்தி படிக்க முயன்றால் எழுத்து நிலைகொள்ளாது.

மின்னணுக் கருவியைக் குறைத்துப் பேச மாட்டேன். வேண்டிய அளவு பெரிதாக்கலாம்; கறுப்பின்மேல் வெள்ளையாக எழுத்தை மாற்றலாம். பழுப்பேறிய தாளில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கி, ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். இந்தத் திரையில் புள்ளி பளிச்சென்று தெரிகிறது. இதில் ஸ்டாண்ட் தோற்றுவிடுகிறது.

ஆனால் பராமரிப்பு என்று வந்தால் கதையே வேறு. அம்மா பகலில் தனியாக இருப்பவர். மின்னணுக் கருவிக்குச் சார்ஜ் ஏற்ற, சின்னஞ்சிறு துளையில் கம்பியைச் செருக வேண்டும். அந்தத் துளையைப் பார்ப்பதற்கே ஓர் உருப்பெருக்கி வேண்டும்! பொத்தானைத் தவறி அழுத்தி நிறம் மாறிவிட்டால், நாங்கள் வீடு திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். பழுதானால் விற்றவரிடமே அனுப்ப வேண்டியிருக்கும். திரும்பி வரும்வரை படிப்பு இல்லை. ஸ்டாண்டுக்குத் தேவை தெருமுனைக் கடையில் கிடைக்கும் பேட்டரி செல். அதுவும் தீர்ந்துவிட்டால், அடிப்பகுதி ஒளிபுகும் வகை என்பதால், ஜன்னலோர வெளிச்சத்தில் சமாளிக்கலாம். லென்ஸ் பிளாஸ்டிக் என்பதை மட்டும் மறக்கக் கூடாது: முந்தானையால் துடைத்தால் கீறல் விழும், கீறல் போகாது.

கை நடுக்கத்துக்கும் இதுவே தோது. 5 மடங்கு பெரிதாக்கும் 20 டயாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு) லென்ஸைக் கையில் பிடித்தால் தாளிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தூரத்தில் அசையாமல் நிறுத்த வேண்டும். ஸ்டாண்டில் அந்தக் கவலை இல்லை. பெரும்பாலான ஸ்டாண்டுகளில் லென்ஸ் அந்தத் தூரத்தைவிடச் சற்றுத் தாழ்வாகவே பொருத்தப்பட்டிருக்கும். வெறுங்கண்ணால் பார்த்தால் முதியவர்களுக்கு எழுத்து தெளியாது; ஆகவே படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். மடங்கு கூடக்கூட ஒரு நேரத்தில் தெரியும் எழுத்துகள் குறையும். எதை வாங்கினாலும் ஓரப்பார்வையால் படிக்கும் பயிற்சி தனியாக வேண்டும். அம்மாவுக்கு அதுதான் கருவியைவிடக் கடினமாக இருந்தது.

நான் சொல்வது மாகுலா பாதிப்பை வைத்து. குளுக்கோமா (கண் அழுத்த நோய்) முற்றிப் பார்வை குழாய்போல் சுருங்கியவர்களுக்கு அதிகம் பெரிதாக்கினால் எழுத்துகள் பார்வைப் பரப்புக்கு வெளியே போய்விடும். மணிக்கணக்கில் நாவல் படிப்பவர்களுக்குப் பெரிய திரையுள்ள மேசை வகை ஒத்துவரலாம். அதை மையத்தில் சற்று நேரம் பார்த்ததோடு சரி, வீட்டில் வைத்துப் பழகியதில்லை.