மங்குக்கு லேசர் அவசரமில்லை என்று சொன்ன மருத்துவமனை

கன்னங்கள் இரண்டிலும் கருந்திட்டாகப் படர்ந்திருந்த மங்குக்காகக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து கோவைக்குச் சென்று, இரண்டு தோல் சிகிச்சை நிலையங்களைப் பார்த்தேன். முதல் இடத்தில், மருத்துவரைச் சந்திக்கும் முன்பே ஆலோசகர் ஒருவர் ஆறு தடவை லேசருக்கான கட்டண அட்டையை நீட்டி, அன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றார். முகத்தைப் பார்க்காமல் விலை சொன்னது துணிக்கடையில் நிற்பதுபோல் இருந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது இடத்தின் மருத்துவர், முகத்தில் ஸ்டீராய்டு கலந்த வெண்மை கிரீம் பூசியதுண்டா, கருத்தடை மாத்திரை எடுத்ததுண்டா, தோட்டத்தில் எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசரின் சூடு அழற்சியை உண்டாக்கினால் நிறமி மேலும் சுரந்து மங்கு கருக்கக்கூடும் என்பதாலும், குறைந்தாலும் திரும்பி வரும் இயல்புடையது என்பதாலும், லேசரைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும் என்றார். இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன், இரவில் பூச ஒரு களிம்பு, பிறகு தேவைப்பட்டால் தோலின் மேலடுக்கை உரிக்கும் மென்மையான கிளைகாலிக் அமில பீல் என்பதே அவர் வகுத்த வரிசை. சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத் தடுத்தாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போதிய அளவு தடுக்காது, அந்த ஒளியும் மங்கைக் கருக்க வைக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி.

உடன் வந்த நங்கைக்குப் பருக் குழிகள். அவருக்கு, நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீடிலிங்கை மருத்துவர் பரிந்துரைத்தார். நெற்றிச் சுருக்கத்துக்குப் போடாக்ஸ் போடலாமா என்று நான் கேட்டதற்கு, அது தசையைத் தளர்த்துமே தவிர நிறத்தைத் தொடாது, பலனும் மூன்று நான்கு மாதங்கள்தான் நிற்கும் என்றார். தோலுக்கடியில் ஊசி மூலம் நிரப்பும் ஃபில்லர் பற்றிக் கேட்டபோது இன்னும் தயங்கினார். மருந்து தவறி இரத்தக் குழாய்க்குள் போனால், அரிதாகவேனும், பார்வையே பறிபோகும் என்பதால், ஹயலுரானிக் அமில ஃபில்லரைக் கரைக்கும் ஊசியைக் கைவசம் வைத்திருக்காத இடத்தில் போட்டுக்கொள்ளவே கூடாது என்று எச்சரித்தார்.

நான்கு மாதத்தில் என் மங்கு பாதியளவு வெளுத்திருக்கிறது. முழுதும் போகவில்லை, போகும் என்று அவரும் சொல்லவில்லை. குறை ஒன்று உண்டு: முன்பதிவு செய்தும் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியுள்ளது. வெளியூர்க்காரர்கள் வார நாளில் செல்வது நல்லது.