200 டொலர் போட ஒரு ஈமெயில் போதும். எடுக்கப் போனால் லைசன்ஸும் போதாது

இதை எழுதுவதா விடுவதா என்று மூன்று கிழமையாக யோசித்தேன். வெட்கம்தான் காரணம். ஸ்காபரோவில் 19 வருடமாக இருக்கிற ஒருவன், இரவு வேலை செய்து உழைத்த 1,592 டொலர் 50 சதத்தை ஒரு இணையக் கசினோவிடம் கொடுத்துவிட்டு நிற்கிறேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மனுசிக்கே போன மாதம்தான் சொன்னேன். ஆனால் போன ஞாயிறு மார்க்கம் நகரில் ஒரு பிறந்தநாள் விழாவில், பக்கத்து மேசையில் இருந்த பெடியனின் போனில் ஒன்றைப் பார்த்தேன். அதற்குப் பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

தொடங்கியது வேலையிடத்தில். சாப்பாட்டு நேரம், ஒரு தம்பி போனை நீட்டினான். "அண்ணை, இஞ்ச பாருங்கோ, ராத்திரி 1,800 டொலர்." அன்றிரவே வட்சப்பில் லிங்க் வந்தது. நான் ஒன்றும் யோசிக்காமல் விழுந்தவன் இல்லை. வடிவாகத் தேடித்தான் பார்த்தேன். "கனடாவில் பாதுகாப்பான பத்து கசினோக்கள்" என்று ஏழெட்டுப் பட்டியல்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் இந்தத் தளமும் இருந்தது, நாலரை நட்சத்திரத்தோடு. அது போதும் என்று நினைத்தேன். அந்தப் பட்டியல்களை எழுதுகிறவர்களில் கனபேருக்குக் கசினோவே காசு கொடுக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்களுடைய லிங்க்கால் போய் நீங்கள் சேர்ந்தால் இவ்வளவு, நீங்கள் தோற்கிற காசில் இத்தனை வீதம் என்று கணக்கு. வேலையிடத்துத் தம்பிக்கும் என் முதல் டிபாசிட்டுக்கு 50 டொலர் விழுந்திருக்கிறது. அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். அவனில் எனக்குக் கோபம் இல்லை, அவனும் அங்கே தோற்றுக்கொண்டுதான் இருக்கிறான்.

தளத்தின் மேலே பெரிய மேப்பிள் இலை. கீழே "கனடாவில் அனுமதி பெற்றது" என்று ஒரு வரி, பக்கத்தில் கரீபியன் கடலில் இருக்கிற குராசோ தீவின் முத்திரை ஒன்று. இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது என்பது அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. கனடாவில் கசினோவுக்கு மத்திய அரசு கொடுக்கிற லைசன்ஸ் என்று ஒன்று கிடையாது. குற்றவியல் சட்டப்படி சூதாட்டத்தை நடத்துகிற உரிமை மாகாணங்களுக்குத்தான். ஆகவே "கனடா லைசன்ஸ்" என்று ஒரு கசினோ சொன்னால், எந்த மாகாணம் என்று கேட்க வேண்டும். அந்தக் குராசோ முத்திரையும் வெறும் படம். உண்மையான முத்திரையை அமத்தினால் அனுமதி கொடுத்தவரின் பக்கத்தில் அந்த நிறுவனத்தின் பெயரும் நிலையும் வரவேண்டும். இதை அமத்தினால் ஒன்றும் திறக்கவில்லை. நான் அமத்திப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு.

கணக்குத் திறக்க ஈமெயிலும் கடவுச்சொல்லும் மட்டும்தான் கேட்டார்கள். அதற்கு முன் ஒருமுறை எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் பதிவான ஒரு தளத்தில் சேரப் பார்த்திருந்தேன். பெயர், விலாசம், பிறந்த திகதி, என்ன வேலை என்றெல்லாம் கேட்டு, நான் மாகாணத்துக்குள் இருக்கிறேனா என்று போனின் இருப்பிடத்தையும் பார்க்க வேண்டும் என்றது. அலுப்பில் விட்டுவிட்டேன். இங்கே ஒன்றும் கேட்கவில்லையே, எவ்வளவு சுகம் என்று நினைத்தேன் பாருங்கோ, அதுதான் நான் செய்த பெரிய பிழை. வாசலில் ஒன்றும் கேட்காதவன், காசை வெளியே எடுக்கப் போகும்போது எல்லாம் கேட்பான்.

கடன் அட்டையை என் வங்கி ஏற்கவில்லை. அதையாவது ஒரு எச்சரிக்கையாக எடுத்திருக்கலாம். தளத்தின் சாட்டில் இருந்தவர், "இன்ரராக் ஈ-ட்ரான்ஸ்பர் செய்யுங்கள், இரண்டு நிமிடம்" என்று ஒரு ஈமெயில் விலாசம் தந்தார். இன்ரராக் என்ற பெயரைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிட்டது. நாங்கள் வீட்டு வாடகையும் சீட்டுக் காசும் அனுப்புவது அதில்தானே. ஆனால் இன்ரராக் வெறும் குழாய். மறுபக்கத்தில் யார் வாளியோடு நிற்கிறார் என்பதற்கு அது பொறுப்பில்லை. காசு போனது கசினோவின் பெயருக்கு அல்ல, வெறும் இலக்கங்களைப் பெயராகக் கொண்ட ஒரு கம்பனிக்கு. இரண்டாம் முறை வேறு இலக்கம், மூன்றாம் முறை இன்னொன்று. எல்லாம் ஆட்டோ டிபாசிட் போட்ட கணக்குகள். அனுப்பியதும் நேரே உள்ளே போய்விடும், நிறுத்தவே முடியாது.

முதல் 200 டொலருக்கு இன்னொரு 200 போனஸ். விதியில் 40 மடங்கு என்று இருந்தது. 40 மடங்குதானே என்று விட்டேன். பிறகு அத்தான் கடதாசியில் எழுதிக் காட்டினார். டிபாசிட்டும் போனஸும் சேர்ந்து 400, அதன் 40 மடங்கு 16,000 டொலர். அவ்வளவுக்குப் பந்தயம் வைத்து முடித்தால்தான் ஒரு சதமாவது வெளியே வரும். அந்த ஸ்லொட் விளையாட்டு போடுகிற காசில் 96 வீதத்தைத் திருப்பித் தரும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் 16,000க்கு சராசரியாக 640 டொலர் தோற்க வேண்டும். கையில் இருப்பதோ 400. அதாவது விளையாட்டு நேர்மையாக நடந்தாலே முடிக்கும் முன் காசு முடிந்துவிடும் என்பதுதான் சராசரிக் கணக்கு. எனக்கு நாலு நாளில் முடிந்தது.

இரண்டாவது தடவை 300 போட்டேன், போனஸ் இல்லாமல். அதில் 60 டொலர் எடுக்கக் கேட்டேன். இரண்டு மணித்தியாலத்தில் வங்கிக்கு வந்துவிட்டது! தூண்டிலில் குத்திய புழு அதுதான். "பார், காசு தருகிறார்கள்" என்று மனுசிக்குத் தெரியாமல் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிச்சம் 240 அந்தக் கிழமைக்குள் போய்விட்டது என்பது அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

பிறகு 500 போட்டேன். ஒரு சனிக்கிழமை விடியப்புறம், வேலை முடிந்து வந்து பேஸ்மென்றில் இருந்து விளையாடினேன். கணக்கில் 4,350 டொலர். கை நடுங்கியது. உடனே எடுக்கக் கேட்டேன். "பரிசீலனையில்" என்று வந்தது. பக்கத்திலேயே மினுங்குகிற பெரிய பொத்தான்: "கோரிக்கையை ரத்துச் செய்து தொடர்ந்து விளையாடுங்கள்". அதை அமத்தாமல் இருந்ததைத்தான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன்.

மூன்றாம் நாள் ஆவணம் கேட்டார்கள். ட்ரைவிங் லைசன்ஸ் இரண்டு பக்கமும், ஹைட்ரோ பில் (கரண்ட் பில்), வங்கிக் கணக்கு விபரம், லைசன்ஸைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபி. அனுப்பினேன். லைசன்ஸின் மூலை வெட்டுப்பட்டிருக்கிறதாம். திருப்பி அனுப்பினேன். ஹைட்ரோ பில் மனுசியின் பெயரில் இருக்கிறதாம். என் பெயரில் இருந்த ரெலிபோன் பில்லை அனுப்பினேன். அது மூன்று மாதத்துக்கு முந்தியதாம். ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு நாள். ஒவ்வொரு நாளும் அந்த 4,350 திரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

பதினோராம் நாள் புதுக்கதை. போனஸ் இருக்கும்போது ஒரு சுற்றுக்கு 5 டொலருக்கு மேல் வைக்கக்கூடாது என்ற விதியை நான் மீறிவிட்டேனாம். இரண்டு சுற்றில் 6 டொலர் வைத்திருந்தேனாம். நான் போனஸே எடுக்கவில்லை என்றேன். 500 போட்டபோது அது தானாகச் சேர்ந்துவிட்டது என்றார்கள். 6 டொலர் வைக்கக்கூடாது என்றால் மெஷின் ஏன் அதை வாங்கியது என்று கேட்டேன். சாட்டில் இருந்தவர் மன்னிப்புக் கேட்டு ஒரு சிரிப்புப் படம் அனுப்பினார்.

அடுத்த நாள் அதே ஆள் நல்ல செய்தியோடு வந்தார். மேலாளரிடம் எனக்காகக் கதைத்தாராம். ஒரே தடவை விதிவிலக்குத் தருகிறார்களாம். 15 வீதம் வரி, 652 டொலர் 50 சதம், அதை முன்னுக்குக் கட்டினால் முழுக்காசும் அன்றைக்கே வரும். ஏன் 4,350இலேயே கழிக்கக்கூடாது என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. "சட்டப்படி தனியாகக் கட்ட வேண்டும்" என்றார். கட்டினேன். ஆம், கட்டினேன். மறுநாள் "பணச் சலவைத் தடுப்புக் கட்டணம்" என்று இன்னும் 870 கேட்டார்கள்.

அப்போதுதான் அத்தானுக்கு எடுத்தேன். அவர் மாசி, பங்குனியில் ஊர்ச்சனத்துக்கு வருமானவரி நிரப்பிக் கொடுப்பவர். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உமக்கு விசரே? கனடாவில சூதில வெண்ட காசுக்கு ஆர் வரி கட்டுறது?" என்றார். உண்மை. எங்களைப் போல பொழுதுபோக்குக்கு விளையாடுகிறவர்கள் லொத்தரிலோ கசினோவிலோ வென்ற காசுக்கு இங்கே வருமானவரி இல்லை. காசை எடுக்க முன்கூட்டியே வரி கட்டு என்று ஒருவர் கேட்டால், அந்த நிமிடமே கதை முடிந்தது என்று எடுங்கோ.

பிறகு நடந்தவை கெதியாக. வங்கி, நீங்களே விரும்பி அனுப்பிய காசு, மீட்க முடியாது என்றது. ஒன்ராறியோ மதுபான, சூதாட்ட ஆணையத்திடம், ஏஜிசிஓ என்பார்களே, அவர்களிடம் முறையிட்டேன். அந்தத் தளம் தங்களிடம் பதிவில்லை என்று பதில் வந்தது. பதிவான தளமாக இருந்தால் முறையிட ஒரு வழி இருந்திருக்கும். கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கு, 1-888-495-8501, அறிவித்தேன். காசு வராது, ஆனால் அறிவியுங்கள். எனக்குக் காசை விடப் பயம் அந்த லைசன்ஸ் படமும் செல்ஃபியும்தான். அவற்றை வைத்து என் பெயரில் கடன் எடுக்கலாம். கடன் பதிவுகளை வைத்திருக்கிற ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டிலும் மோசடி எச்சரிக்கை போட்டுவைத்தேன்.

இது நடந்து இரண்டு கிழமையில் வட்சப்பில் ஒரு "சட்டத்தரணி" வந்தார். என் பெயர், போன காசு எல்லாம் தெரியும். 300 டொலர் கொடுத்தால் மீட்டுத் தருவாராம். வீட்டாரையும் நான் அறிவித்த இடங்களையும் விட்டால், போன காசு எவ்வளவு என்று கசினோவுக்குத்தான் தெரியும். யார் அவரை அனுப்பினார்கள் என்று விளங்கும்தானே. புளொக் செய்துவிட்டேன்.

விளையாடித்தான் ஆகவேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு, ஒன்ராறியோவில் 2022 ஏப்ரல் 4 முதல் தனியார் கம்பனிகளும் சட்டப்படி இணையக் கசினோ நடத்தலாம். ஆனால் ஏஜிசிஓவில் பதிந்து, ஐகேமிங் ஒன்ராறியோ என்ற மாகாண அரசு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். ஐகேமிங் ஒன்ராறியோவின் தளத்தில் முழுப் பட்டியலும் இருக்கிறது. அதற்குள்ளே போய், அங்கே இருக்கிற லிங்க்கால்தான் போகவேண்டும். பெயரைப் பார்த்துவிட்டு கூகிளில் தேடப் போனால், ஒரு எழுத்து மாறிய போலியில் விழலாம். மாகாண அரசின் ஓஎல்ஜி தளமும் இருக்கிறது. வயது 19 ஆகியிருக்க வேண்டும். வான்கூவர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு பிளேநவ் என்ற தளம், மனிடோபா, சஸ்காச்சுவானுக்கும் அதுதான். மொன்றியலில் இருப்பவர்களுக்கு லோட்டோ-கியூபெக். மொன்றியலுக்குப் பக்கத்தில் கானவாக்கே மோஹாக் மக்கள் 1996இல் அமைத்த சூதாட்ட ஆணையமும் லைசன்ஸ் கொடுக்கிறது. அது போலி இல்லை, ஆனால் அது மட்டும் இருப்பதை ஒன்ராறியோப் பதிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, இதைப் பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் பதிவான கசினோ, போனஸ் தருகிறேன் என்று பொது இடத்தில் விளம்பரம் செய்யக் கூடாது. தன் தளத்துக்குள்ளே சொல்லலாம், சம்மதம் கொடுத்தவருக்கு நேரே அனுப்பலாம், அவ்வளவுதான். ஆகவே முகநூலில் "500 டொலர் இலவசம்" என்று கத்துகிற விளம்பரம் வந்தால், உள்ளே போய்ப் பார்க்கவே தேவையில்லை.

பதிவான தளத்தில் மட்டும் சனம் தோற்காது என்று நான் சொல்லவில்லை. அந்த 96 வீதக் கணக்கு அங்கேயும் அதே கணக்குத்தான். ஆனால் அங்கே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு போடலாம், வென்றால் காசு வரும். விட்ட காசைப் பிடிக்க வேண்டும் என்று இரவில் நித்திரை வராமல் இருக்கிறவர்கள் கொனெக்ஸ்ஒன்ராறியோ என்ற உதவித் தொலைபேசிக்கு எடுங்கோ, 1-866-531-2600. இலவசம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம். நான் எடுத்தேன். எடுத்த அன்றைக்குத்தான் மனுசிக்கும் சொன்னேன்.

தளத்தின் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதிப் பிரயோசனம் இல்லை. அந்தப் பிறந்தநாள் விழாவில் பெடியனின் போனில் நான் பார்த்தது அதே சிவப்புக் கண்ணாடி போட்ட நரிப்படம், அதே மேப்பிள் இலை, அதே சாட் பெட்டி. மேலே இருந்த பெயர் மட்டும் வேறு. அவனிடம் போய், "தம்பி, எவ்வளவு போட்டனீர்?" என்று கேட்டேன். "இல்லை அங்கிள், போட்டது கொஞ்சம்தான்," என்றான். "இப்ப 2,900 இருக்கு. லைசன்ஸ் படம் கேட்டிருக்கினம், அதுதான் எடுத்துக்கொண்டிருக்கிறன்."