வளவுக்கு வரும் பிராந்துகளும் என் 70–300 லென்ஸும்: எட்டு மாதப் பாவனைக்குப் பிறகு

கனகராயன்குளத்திலிருந்து கொஞ்சம் உள்ளே எங்கள் வளவு. பின்வேலியோடு ஒரு பாலை மரம், அதற்கு அங்கால் பற்றைக்காடு, இந்தப் பக்கம் கோழிக்கூடு. புலுனிக் கூட்டம் திடீரென்று கத்தத் தொடங்கி, அணிலும் சேர்ந்துகொண்டால் பாலையில் ஏதோ வந்து குந்திவிட்டது என்று விளங்கும். வந்தது எது என்று அறியத்தான் இந்த லென்ஸை வாங்கினேன். எங்கள் ஊரில் செம்பிராந்துக்கு மட்டும் தனிப்பெயர் உண்டு, மற்றதெல்லாம் கோழிக்குஞ்சு தூக்கிற பிராந்துதான், பெரியது சின்னது என்ற கணக்குக்கூட இல்லை.

வவுனியாவில் ஒரு கடையில் பாவித்த லென்ஸாக வாங்கினேன். 70–300 மில்லிமீற்றர் சூம், அப்பேச்சர், அதாவது வெளிச்சம் உள்ளே வருகிற துளை, 4.5–5.6 (எண் கூடினால் துளை சிறியது). கம்பனிப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை, பெரிய கம்பனிகள் எல்லாம் இதே அளவில் ஒன்று வைத்திருக்கின்றன, நான் சொல்லப்போவது அநேகமாக அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். கமெரா 24 மெகாபிக்சல், சிறிய சென்சர், அதாவது 1.5 மடங்கு வகை. அந்த உடலில் 300 என்பது பார்வைக்கு 450 போல வரும்.

வாங்க முதல் எல்லாரும் கேட்கிற கேள்வி, 300 காணுமா என்பது. என் பதில்: 20 மீற்றருக்குள் காணும், 50 மீற்றரில் காணாது. கணக்காகவே சொல்கிறேன். வளவுக்கு வருகிற சின்னப் பிராந்து கிட்டத்தட்ட 30 சென்ரிமீற்றர் நீளம். 20 மீற்றரில் இருந்தால் என் படத்தில் அது 1,100 பிக்சல் அளவுக்கு வரும், நெஞ்சில் உள்ள கோடுகளை எண்ணலாம். அதே பறவை 50 மீற்றரில் 450 பிக்சல் சொச்சம்தான். அழகான படமாக இருக்கலாம், ஆனால் தொண்டைக் கோடு சில பிக்சலுக்குள் கரைந்துபோகும். இந்தப் பறவைகளைப் பிரிக்கிற வேலையில் அந்தத் தொண்டைக் கோடுதான் பாதி விசயம்.

சரி, எதையெல்லாம் பிரிக்க வேண்டும்? வன்னியில் வளவுக்குள் வருவது பெரும்பாலும் ஷிக்ரா, தமிழில் வல்லூறு என்றும் வைரி என்றும் எழுதுவார்கள். முதுகு சாம்பல், நெஞ்சில் மெல்லிய செம்மண் நிறக் குறுக்குக் கோடுகள், ஆணுக்குச் சிவந்த கண், பெண்ணுக்கு மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த கண். வளர்ந்த பறவையின் தொண்டையில் ஒரு நடுக்கோடு இருக்கும், ஆனால் சாம்பலாக, மெல்லியதாக, இருக்கா இல்லையா என்ற மாதிரி. வாலை மடித்துக் குந்தியிருக்கும்போது மேலே தெரிகிற நடு இறகுகளில் பட்டைகள் அநேகமாக இருக்காது. இவ்வளவும் ஒரே படத்தில் விழுந்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

பிரச்சினை பெஸ்ரா. அதே அளவு, அதே வடிவம். அது காட்டை விட்டு அதிகம் வெளியே வராத பறவை, வளவு பற்றைக்காட்டோடு முட்டிக்கொண்டிருக்கிற எங்களைப் போன்றவர்கள்தான் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதுகு இன்னும் இருண்டது. தொண்டை நடுவில் கறுப்பு மையால் இழுத்த மாதிரி ஒரு தடித்த கோடு, கொஞ்சம் தள்ளியிருந்தாலும் தெரியும். வாலில் கரும்பட்டைகள் அகலம், இடையில் உள்ள வெளிறிய பகுதியும் கரும்பட்டையும் கிட்டத்தட்டச் சமன். ஷிக்ராவின் வாலை விரித்துப் பார்த்தால் பட்டைகள் ஒடுங்கியவை, வெளிறிய பகுதிதான் கூட. பெஸ்ராவின் கால் மெல்லியது, நடுவிரல் நீளம், அதுவும் நல்ல படத்தில் தெரியும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஷிக்ராவின் குஞ்சு வளர்ந்து முதல் வருடத்தில் பறந்து திரியும்போது மண்ணிற முதுகு, நெஞ்சில் துளித்துளியாக வடிந்த புள்ளிகள், தொண்டையில் நல்ல தடித்த கோடு! தொண்டைக் கோட்டை மட்டும் நம்பினால் வளவில் வந்த ஒவ்வொரு இளம் ஷிக்ராவும் பெஸ்ரா ஆகிவிடும். நானும் அப்படித்தான் ஒரு படத்தைப் பெஸ்ரா என்று பெயர் போட்டுச் சேமித்து வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து அதே மரத்தில் அதே பறவையின் வாலைக் கீழிருந்து எடுத்தபோதுதான் பட்டைகள் ஒடுங்கியிருப்பது தெரிந்தது. அதன் பிறகு, தொண்டை, வால் இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பறவைக்கு நான் பெயர் போடுவதில்லை. முகம் வடிவாக வந்திருக்கிறதே என்று பின்னேரம் முழுக்க முகத்தையே எடுத்துக்கொண்டிருக்காமல், பறவை குந்தியிருக்கும்போதே மெல்ல மரத்தைச் சுற்றி நடந்து வாலுக்கடியில் போங்கள். இந்த லென்ஸ் பாரமில்லாததால் அது முடிகிறது. முக்காலியோடு பெரிய லென்ஸ் வைத்திருக்கும் ஒரு நண்பர் எங்கள் வளவுக்கு வந்து, முக்காலியை விரிக்க முதலே பறவை போய்விட்டது.

மூன்றாவது கொண்டை வல்லூறு. இது கொஞ்சம் பெரியது, தலையின் பின்னால் சின்னக் கொண்டை, நெஞ்சில் நெடுங்கோடு, வயிற்றில் குறுக்குப் பட்டை, வாலடியில் வெள்ளை இறகு பஞ்சு மாதிரிப் பொங்கி நிற்கும். அந்த வெள்ளையைப் பறக்கும்போதுகூட இந்த லென்ஸால் பிடிக்கலாம். இந்த மூன்றையும் முன்பு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள், 2024இல் ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டின் பட்டியலில் ஷிக்ராவையும் பெஸ்ராவையும் வேறொரு பேரினத்துக்கும் கொண்டை வல்லூறை இன்னொன்றுக்கும் மாற்றிவிட்டார்கள், ஆகவே பழைய புத்தகத்தில் விஞ்ஞானப் பெயர் வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

அப்புறம் அக்காக்குயில். இது பிராந்தே இல்லை, ஆனால் நிறமும் வால் பட்டையும் ஷிக்ராவை அப்படியே உரித்து வைத்தது போல. சொண்டைப் பாருங்கள், கொக்கி போல வளையாமல் மெல்லியதாக இருக்கும், காலில் வேட்டை நகம் இல்லை. இதற்கு 30 மீற்றரிலிருந்து எடுத்த படமே போதும்.

இனி லென்ஸின் குறைகள். 300இல் முழுதாகத் திறந்து 5.6இல் எடுத்தால் இறகு கொஞ்சம் மென்மையாகி, மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. 8க்கு மூடினால் கோடு கோடாகப் பிரிகிறது. ஆனால் 8க்கு மூட வெளிச்சம் வேண்டும், பாலை மரத்துக்குள் காலை ஏழு மணிக்கு அது இல்லை. நான் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சரின் ஒளி உணர்திறனை, 1600 வரை ஏற்றி, ஷட்டர் வேகத்தைக் குந்தியிருக்கும் பறவைக்கு 1/500 செக்கன், பறப்பதற்கு 1/1000க்குக் குறையாமல் வைக்கிறேன். படம் கொஞ்சம் மணல் மணலாக வரும், பரவாயில்லை, கோடு தெரிகிறது. நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறது என்று 1/100இல் எடுத்துப் பார்க்காதீர்கள், அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் தடுக்கும், தலையைத் திருப்புகிற பறவையை நிறுத்தாது.

இலைகளுக்குள் போகஸ் முன்னும் பின்னும் அலைந்து கடைசியில் முன்னால் உள்ள கொப்பைப் பிடித்துக்கொள்கிறது, இதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, பறவையின் கண்ணில் வைத்தால் பாதி அலைச்சல் குறையும். இன்னொன்று, வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் அடிவயிறு கறுத்துப்போய் வாலில் ஒரு பட்டையும் தெரியாது. கமெராவில் வெளிச்ச ஈட்டை, அதாவது படத்தை வேண்டுமென்றே வெளிச்சமாக்குகிற அளவை, +1க்கு ஏற்றுங்கள். வானம் வெளுத்துப்போகட்டும், நமக்கு வேண்டியது வால்.

படத்தை எடுத்த பிறகு, பறவையின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்கிற மெர்லின் செயலியில் போட்டுப் பார்க்கிறேன், கோர்னெல் பறவையியல் ஆய்வகத்தினுடையது, இலவசம், பறவைப் பொதியை முன்கூட்டியே இறக்கி வைத்தால் எங்கள் பக்கம் சிக்னல் போன நேரத்திலும் வேலை செய்யும். இடத்தையும் திகதியையும் கொடுத்தால் அங்கே அந்த மாதத்தில் வரக்கூடியதை முன்னால் காட்டுகிறது, அது பெரிய உதவி. ஆனாலும் முதுகை மட்டும் எடுத்த படத்திலிருந்து எந்தச் செயலியும் தொண்டைக் கோட்டைச் சொல்ல முடியாது.

பக்கத்து வளவு அன்ரி ஒருநாள் வேலிக்கு மேலால் கூப்பிட்டார். “தம்பி, உந்தப் பிராந்து நேற்றும் வந்தது, ரெண்டு குஞ்சைக் காணேல்லை, உதைக் கலைச்சுவிடுங்கோ.” அந்த வாரம் எடுத்த படங்களை எல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். பதினொரு தடவை இரையோடு பிடித்திருந்தேன், எட்டில் ஓணான், ஒன்றில் சின்னக் குருவி, இரண்டில் என்னவென்று தெரியவில்லை. குஞ்சு எடுக்காது என்று நான் சொல்லவில்லை, ஷிக்ரா குஞ்சும் எடுக்கும். ஆனால் அவர் கெற்றப்போலைக் கீழே வைத்துவிட்டு, கீரி வந்த வழியையும் தேடிப் பார்த்தார். பிறகு கூட்டைச் சுற்றி வலை அடித்தோம். 300 மில்லிமீற்றரால் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பலன் அந்த எட்டு ஓணான் படங்கள்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விசயம், பாவித்ததை வாங்கினால் கடைக்கு ஒரு சின்ன டோர்ச் கொண்டுபோங்கள். லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து மறுபக்கத்தால் சரித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் தெரிந்தால் அது பூஞ்சணம், எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். எனக்கு விற்ற கடையில் “சும்மா தூசு” என்றார்கள், ஓரத்தில் இருந்த ஒரு புள்ளியை நானும் தூசென்று எடுத்துக்கொண்டேன், மாரி முடிய அது இரண்டு மடங்காகிவிட்டது, துடைப்பிக்கத் தனியாகச் செலவு. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். ஐப்பசியிலிருந்து தை வரை ஜெல்லை மாதம் ஒருமுறை சூடாக்கிக் காயவைக்க வேண்டும். கோடையில் வேறு தொல்லை, செம்மண் புழுதி சூம் வளையத்துக்குள் போய்க் கரகரக்கும், மோட்டார் சைக்கிளில் கழுத்தில் தொங்கவிட்டபடி ஓட வேண்டாம்.