பங்கோருக்கு ‘எல்லாம் சேர்த்து’ வேன்: முன்பணம் கட்டாதீர்கள்

ஆயர் தாவார், சித்தியவான் பக்கம் இருப்பவர்களும், மாசி மகத்துக்குப் பங்கோர் தீவின் காளியம்மன் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வேன், பெர்ரி டிக்கெட், தீவுக்குள் வண்டி, திரும்பி வர வண்டி என்று எல்லாவற்றையும் ஒரே விலையில் முடித்துத் தருவதாக ஒரு விளம்பரம் நம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதற்குப் பணம் கட்டி எங்கள் குடும்பம் பட்ட பாடு இன்னொரு குடும்பத்துக்கு வரக்கூடாது.

ஜொகூரிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. வீட்டு வாசலில் ஏற்றிக் கோயில் வாசலில் இறக்கிவிடுவோம் என்று அந்த ஆள் போனில் தேனொழுகப் பேசினார். எட்டுப் பேருக்கு 480 வெள்ளி, அதில் பாதி முன்பணம். பணம் போடச் சொன்ன கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, “அது என் ஒய்ஃப் அக்கவுண்டுதான் அண்ணே, சந்தேகமே வேணாம்” என்றார்.

காலை ஆறரைக்கு வர வேண்டிய வேன் எட்டு மணி தாண்டித்தான் வந்தது. போனில் பேசியவர் வரவில்லை. ஓட்டி வந்த பையனுக்குப் பயண விவரம் எதுவும் தெரியவில்லை. வேனின் கதவில் பெர்மிட் எழுத்து இல்லை, கண்ணாடியில் ஸ்டிக்கரும் இல்லை. சித்தியவான் தாண்டியதும் பையன் பின்னால் திரும்பி, “அக்கா, வழியில ஜேபிஜே நிறுத்துனா, எல்லாரும் சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க” என்றான். ஜேபிஜே என்றால் சாலைப் போக்குவரத்து இலாகா. அக்கா என் முகத்தைப் பார்த்தார். வேனுக்குள் சின்னப் பிள்ளைகள் மூன்று பேர்.

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினால், விபத்து நேரும்போது காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடலாம். இப்படி உரிமம் இல்லாமல் ஆள் ஏற்றும் ‘பிரிபேட் சாப்பு’ வண்டி மலிவு என்று நாம் ஏறுகிறோம். அந்த மலிவுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

அதன் பிறகுதான் பெரிய கூத்து. வேன் லூமுட் ஜெட்டிக்குப் போகவில்லை, மெரினா ஐலண்ட் ஜெட்டியில் போய் நின்றது. வெளியூர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். பங்கோருக்கு இரண்டு இடங்களிலிருந்து பெர்ரி போகிறது. லூமுட்டிலிருந்து போவது முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நின்று, அப்புறம் பங்கோர் பட்டணத்துக்குப் போகும். மெரினா ஐலண்டிலிருந்து கடல் தூரம் குறைவு, சீக்கிரம் போய்விடலாம். ஆனால் நேராகப் பங்கோர் பட்டணத்தில்தான் இறக்குவார்கள். காளியம்மன் கோயில் இருப்பது சுங்கை பினாங் கெச்சில் பக்கம். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு லூமுட்தான் சரியான ஜெட்டி. விளம்பரத்திலும் லூமுட் என்றுதான் போட்டிருந்தது.

பையன் கொடுத்த டிக்கெட் என்பது முத்திரை குத்திய ஒரு போட்டோஸ்டாட் தாள். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்கள் டிக்கெட்டே இல்லை என்று தள்ளிவிட்டார். போன் போட்டால் ஆள் எடுக்கவில்லை. இங்கே பையன் மீதிப் பணம் கொடுத்தால்தான் பின்கதவைத் திறப்பேன் என்று நின்றான். அம்மாவின் மருந்துப் பை, அர்ச்சனைத் தட்டு, பிள்ளைகளின் மாற்றுத் துணி எல்லாம் உள்ளே. வயதான மனுஷி வெயிலில் தடியை ஊன்றி நிற்கும்போது என்ன பேரம் பேச முடியும்? மீதி 240 வெள்ளியையும் கொடுத்துத்தான் பையை மீட்டோம். அப்புறம் எட்டுப் பேருக்கும் புதிதாக டிக்கெட் வாங்கினோம்.

தீவில் எங்களுக்காக எந்த வண்டியும் காத்திருக்கவில்லை. ஜெட்டி வாசலில் நின்ற பிங்க் வேன் ஒன்றைப் பிடித்தோம். அந்த அண்ணன் ஒரு மலாய்க்காரர், ஏறும் முன்பே வாடகையைச் சொன்னார், சொன்னதற்கு மேல் ஒரு காசு கேட்கவில்லை, அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தார். அவரை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அபிஷேகம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அம்மா வருஷம் முழுக்க வேண்டிக் காத்திருந்த தரிசனம் அது. திரும்பும்போது டிக்கெட் மெரினா ஐலண்டுக்கு என்பதால் அங்கேதான் இறங்க வேண்டியிருந்தது. பேருந்து நிலையம் இருப்பதோ லூமுட்டில். வீட்டுக்கு வர கிரேப் கிடைக்க நெடுநேரம் காத்துக் கிடந்தோம், அதுவும் இரண்டு வண்டி.

இத்தனைக்கும் இந்தப் பயணத்துக்கு இடைத்தரகரே தேவையில்லை. கோலாலம்பூர் டிபிஎஸ், ஈப்போ அமான்ஜெயா ஆகிய பேருந்து நிலையங்களிலிருந்தும் லூமுட்டுக்குப் பேருந்து உண்டு. லூமுட் பேருந்து நிலையத்திலிருந்து ஜெட்டிக்கு நடந்தே போய்விடலாம். பெர்ரி டிக்கெட்டைக் கவுண்டரில் நேரில் வாங்குங்கள், போக வரச் சேர்த்து வாங்கும்போது எந்த ஜெட்டி என்று பார்த்துக்கொள்ளுங்கள். தீவுக்குள் பிங்க் வேன்தான் டாக்சி. ஏறுவதற்கு முன் வாடகையைப் பேசிக்கொண்டால் போதும். தெலுக் நிப்பா கடற்கரைக்குப் போகிறவர்களுக்கும் அதே வேன்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் அங்கங்கே, அந்தந்த நேரத்தில் காசு கொடுங்கள். மொத்தமாக ஒருவர் கையில் கொடுக்கும்போதுதான் அவர் நம்மை நடுவழியில் நிறுத்தி மிரட்ட முடிகிறது.

வீட்டிலிருந்து வண்டி வேண்டுமென்றால் எண் பலகையைப் பாருங்கள். உரிமம் உள்ள டாக்சிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கும், எண் ‘எச்’ என்று தொடங்கும். பேராக் வண்டியென்றால் ‘எச்ஏ’. கிரேப் போன்ற இ-ஹெய்லிங் வண்டியை ஓட்ட 2019 முதல் பிஎஸ்வி (பொதுச் சேவை வாகன) லைசென்ஸ் கட்டாயம்.

நாங்கள் போலீஸ் புகார் செய்துவிட்டோம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். அங்கே கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வைக்க வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுத்துக்கொள்கிறார்கள். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள், அந்த எண்ணத்தை நம்பித்தான் இவர்கள் தொழில் நடத்துகிறார்கள். யாராவது முன்பணம் அனுப்பிய பிறகு ஆள் போனை எடுக்கவில்லை என்றால், மறுநாள் வரை காத்திருக்காமல் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு உடனே அழையுங்கள், அப்படியே உங்கள் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். பணம் அனுப்பும் முன்பே அந்தக் கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் இணையத் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். பணம் அனுப்பிய ரசீது, பேசிய செய்திகள், வண்டி எண் தெரியும் படம் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். புகார் எழுதும்போது முதலில் அவற்றைத்தான் கேட்கிறார்கள்.